இவர் மாட்டும் தோல் ஜாக்கெட்

திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு புல்லட் சத்தம் புதுசா என்ன? 1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்ட் இந்தியா, அந்த வண்டியை உருவாக்கியது எங்கள் ஊரில்தானே! ஆனால் இந்த வேர்வையில் தோல் ஜாக்கெட் எதற்கு என்று கேட்டால் இவர் சொல்வார்: "விழுந்தா ரோடு தோலை உரிச்சிடும். அந்தத் தோல் ஜாக்கெட்டோடதா இருக்கட்டுமே!"

1928-ல் நியூயார்க்கின் இர்விங் ஷாட், காற்று புகாதபடி ஜிப் வைத்துத் தைத்தது 'பெர்ஃபெக்டோ' ஜாக்கெட். 1953-ல் மார்லன் பிராண்டோ சினிமாவில் போட்டார்; அப்புறம் வாலிபப் பிள்ளைகளைக் கேட்கணுமா!

கடற்கரை ஈரத்தில் தோல் சீக்கிரம் பூஞ்சை பூக்கும். பாலிதீன் பையில் திணிக்காதீர்கள். மென்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, அகலமான ஹாங்கரில் மாட்டுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். சிக்கு நாற்றம் சகிக்காது. முழங்கைத் தையல் விட்டிருந்தால் மட்டும் உடனே தைக்கக் கொடுங்கள், விழும்போது முதலில் தரையில் உரசுவது அந்த இடந்தான்.