வலிக்காத தேமல்

காய்ச்சலோ வலியோ அரிப்போ இல்லாமல், சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய அல்லது சற்றே சிவந்த ஒரு தேமலாகத் தொடங்கும் தொழுநோய், தொந்தரவு தராத காரணத்தாலேயே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவதில்லை. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இதன் கிருமி, பெருகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்வதால், தொற்றியபின் அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகளும் சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகின்றன.

உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும் இக்கிருமி தோலிலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளிலும் தங்கி, தொடுவுணர்வைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. கொடைக்கானலைச் சேர்ந்த நாயுடுபுரம் போன்ற மலைக் குடியிருப்புகளில் கம்பளிச் சட்டையும் சால்வையும் தேமலை மறைத்துவிடலாம். விரல் மரத்துப்போனால் பனியின்மேல் பழிபோட்டு இருந்துவிடவும், குளிர்காயும்போது கையில் பட்ட நெருப்பு சுடாமற்போனதைப் பெரிதாக எண்ணாதிருக்கவும் கூடும்.

இந்நோயை அடையாளம் காண்பதற்குப் பெரிய கருவி ஏதும் தேவைப்படுவதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்வையிடும் சுகாதாரப் பணியாளர், பேனா முனையால் மெல்லத் தொட்டுக் காட்டிச் செய்முறையை விளக்கியபின், நோயாளியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, தேமலிலும் நல்ல தோலிலும் மாறி மாறித் தொடுகிறார். தொட்ட இடத்தை நோயாளி விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். "தெரிகிறதா" என்று கேட்டால், தெரியாதவரும் ஆமென்று தலையாட்டிவிடக்கூடும். தேமலுக்குள் தொட்டதைக் காட்ட இயலாவிட்டால் அது தொழுநோயின் உறுதியான அடையாளம். அடுத்து, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னே ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கப்படுகிறது. காதுமடல் போன்ற இடங்களில் தோலைச் சிறிதளவு கீறி எடுத்த கசிவை நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. ஆயினும் கிருமி குறைந்த நிலையில் அதில் ஒன்றும் தென்படாது என்பதால், கையால் செய்யும் சோதனையே முதன்மையானது.

நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்னும் பழைய நம்பிக்கையைத் தகர்த்ததில் தமிழகத்துக்குப் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1955-இல் அருகிலுள்ள கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் பணியாற்றி, வலி தெரியாத கையில் கவனிப்பாரின்றிப் பெருகும் காயங்களே விரல்களைக் குறைக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். எனவே, உணர்வு முற்றும் அழிவதற்கு முன்னரே நோயைக் கண்டுகொண்டால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, தேமல்கள் ஐந்துக்கு மேற்படாதவர்க்கு 6 மாதங்களும் மற்றவர்க்கு 12 மாதங்களும் இலவசமாக வழங்கப்படுகிறது. அது தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்குத் தொற்றை அளிக்கும் நிலையைக் கடந்துவிடுகிறார். பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு சிகிச்சையில் இருப்போரை மட்டுமே எண்ணுவதால், சிகிச்சைக் காலம் சுருங்கியபோது எண்ணிக்கையும் சுருங்கியது. 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,82,000 பேரில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தனர். புதிய நோயாளிகளில் எத்தனை பேர் ஏற்கெனவே விரல் மடங்கிய நிலையில் வந்தனர் என்பது தாமதத்தின் அளவையும், எத்தனை குழந்தைகள் என்பது தொற்று இன்னும் பரவுவதையும் காட்டும்.

நோயாளி தாமாக வரும்வரை காத்திருப்பது இந்நோய்க்குப் பொருந்தாது. ஒருவரிடம் நோய் தெரிந்தவுடன் வீட்டாரையும் அண்டை அயலாரையும் சோதித்து, நோயற்றவர்க்குத் தடுப்பாக ரிஃபாம்பிசின் மருந்தை ஒருவேளை அளிக்கும் முறை இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. உணர்வு குன்றி ஆறு மாதங்களுக்குள் வந்தவர்க்கு, நரம்பழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தால் அது மீளும் வாய்ப்பு மிகுதி. காலம் கடந்தால் மாத்திரை கிருமியைக் கொல்லுமேயன்றி நரம்பைத் திருப்பித் தராது. ஆகவே மலையூரில் வீடு வீடாகச் செல்லும் பணியாளர் கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதும், அதற்குக் கூசாமல் வீட்டார் இசைவதும், ஒரு கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருப்பதற்கு வழிசெய்யும்.