ஈர் பேனாகும் ஒன்பது நாள்

வெயில் தாழ்ந்து கடல்காற்று ஏறும் ஐந்து மணிக்கு, தூத்துக்குடி மில்லர்புரத்து வாசற்படிகளில் ஒரு வேலை நடக்கும். மேல்படியில் அம்மாவோ ஆச்சியோ; கீழ்ப்படியில், பள்ளிக்கூட ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. "ஏட்டி, ஆடாம இரு" என்று ஓர் அதட்டல். அடுத்த நொடி இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே 'டிக்' என்று சத்தம்.

பேன் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. சங்க நூலான பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் என்ற கலைஞனின் கந்தல் துணியில் ஈரும் பேனும் கூட்டாகக் குடியிருந்தன. சோழன் கரிகாலன்தான் அந்தத் துணியைக் களையச் செய்து நல்லாடை உடுத்தினான். இஸ்ரேலின் லாக்கீசில் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்று சுமார் 3,700 ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். அதில் கீறியிருந்த 17 எழுத்துகளைப் படித்த செய்தி 2022-இல் வெளியானது. முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அது.

பொருநனின் துணியில் இருந்தது உடைப்பேன். சிறுமியின் தலையில் இருப்பது தலைப்பேன். இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் குணம் வேறு. டைபஸ் காய்ச்சலை உடைப்பேன் பரப்புகிறது என்று 1909-இல் கண்டறிந்த ஷார்ல் நிகோலுக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பேன் அப்படி நோய் எதையும் சுமந்து திரிவதில்லை. அது தருவது அரிப்பும் தூக்கக்கேடும். சொறிந்து சொறிந்து புண்ணானால் சீழ் பிடிக்கலாம், காதுக்குப் பின்னால் நெறி கட்டலாம்.

வளர்ந்த பேன் எள் அளவுதான். 2 முதல் 3 மில்லிமீட்டர். இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. ஆறு கால்களின் நுனியிலும் நண்டுக் கொடுக்கு போல ஒரு கொக்கி. ஒரு முடியை அணைத்துப் பிடிக்க அளவெடுத்துச் செய்தது போன்ற கொக்கி அது. முடியிலிருந்து முடிக்கு நடந்தே போகும். அதனால்தான் தலையோடு தலை ஒட்டி விளையாடும், ஒரே பாயில் படுக்கும் குழந்தைகளிடம் அது எளிதில் பரவுகிறது. தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துப்போகும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மூச்சடக்குவது புதிதல்ல. முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவர்கள் ஒரு மூச்சில் கடலடிக்குப் போய் வந்த ஊர் இது. பேன் அவர்களையும் மிஞ்சும். உடம்பின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் பல மணி நேரம் அசையாமல் கிடந்து பிழைத்துவிடும். தினமும் தலைக்குக் குளித்தாலும், கடலில் நாள் முழுக்க ஆட்டம் போட்டாலும் பேன் போகாததற்குக் காரணம் இதுதான். "குளிக்காத பிள்ளைக்குத்தான் பேன்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 3 முதல் 11 வயதுக் குழந்தைகள் 60 லட்சம் முதல் 1.2 கோடிப் பேருக்குப் பேன் பிடிப்பதாக மதிப்பிடுகிறார்கள். அழுக்கோ ஏழ்மையோ அதற்குக் கணக்கில்லை. தலையும் முடியும் இருந்தால் போதும்.

இன்னொரு சங்கதி. முதன்முறை பேன் பிடிக்கும் குழந்தைக்கு உடனே அரிக்காது. பேனின் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போய் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். பிள்ளை சொறியத் தொடங்கும் நாளில், பேன் அங்கே ஒரு மாதமாகக் குடித்தனம் நடத்தியிருக்கும்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவான் என்பது பழமொழி. அதன் முதல் பாதி சுத்தமான உயிரியல். பெண் பேன் நாளொன்றுக்கு 6 முதல் 8 ஈர் வரை இடும். தலைச்சூடு படும்படி, தோலை ஒட்டி முடியின் அடியில் இடும். சுரக்கும் பசை முடியைச் சுற்றி உறைபோல் இறுகிவிடும். பொடுகை ஊதினால் பறக்கும், ஈர் நகராது. 7 முதல் 9 நாளில் உள்ளே இருக்கும் குஞ்சு காற்றை விழுங்கிப் பின்னால் தள்ளி, அந்த அழுத்தத்தில் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரும். அது வளர்ந்து தானும் ஈர் இட இன்னும் 9 முதல் 12 நாள் ஆகும்.

மருத்துவத்தின் சூட்சுமம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் நடமாடும் பேனைக் கொல்லும். ஈர் எல்லாவற்றையும் கொல்லாது. இன்று போட்டால், இன்றைய ஈர்கள் அடுத்த ஒன்பது நாளுக்குள் பொரித்துவிடும். ஒன்பதாம் நாள் மறுபடி போட்டால், அந்தக் குஞ்சுகள் ஈர் இடும் வயதுக்கு வருமுன் தீர்ந்துபோகும். முதல் தடவையோடு நிறுத்திவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் தடவையை மறந்தவர்கள்.

போடும் முறையும் முக்கியம். எண்ணெய்த் தலையில் மருந்து ஒட்டாது. முதலில் ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரம் ஒற்றி, அதன்பின் தலைத்தோல் நனையத் தடவ வேண்டும், கண்டிஷனர் கூடாது. பத்து நிமிடம் கழித்து, கண்ணில் படாமல் தலையை மட்டும் குனியவைத்து அலச வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த மருந்து வேண்டாம். பல நாடுகளில் பேன் இதற்குப் பழகிவிட்டது. மறுநாளும் பேன்கள் சுறுசுறுப்பாக ஓடினால் மேலும் மேலும் ஊற்றாமல் மருத்துவரிடம் போகலாம். ஐவர்மெக்டின், டைமெத்திகோன் என வேறு வழிகள் உண்டு.

மருந்தில்லாமலும் ஒரு வழி இருக்கிறது: பேன்சீப்பு. முத்துக்குளித்த காலத்தில், துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டு முத்துகளைத் தரம் பிரித்தார்கள். துளைக்குப் பெரியது மேலே நிற்கும் என்ற அதே கணக்குதான் இங்கேயும். பல்லிடுக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போகாத சீப்பில் பேன் தப்பாது. ஈரும் பெரும்பாலும் சிக்கும். ஈரமுடியில் கண்டிஷனர் தடவி, பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல்.

கைவைத்தியத்தில் சில ஆபத்தானவை. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவது நம் பக்கத்துப் பழக்கம். அந்தச் சாறு கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுகிறார்கள். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும். மூட்டைப்பூச்சி மருந்தைத் தலையில் வைப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

வீட்டையே புரட்டிப்போட வேண்டியதில்லை. இரண்டு நாளுக்குள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டால் போதும். ஆனால் வீட்டில் உள்ள எல்லாத் தலைகளையும் அன்றே பார்க்க வேண்டும், அப்பா தலை உட்பட. பிள்ளையின் முடியை மொட்டையடிக்கவோ, பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவோ தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்றே சொல்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் "எங்க பிள்ளைக்கு இருக்கு, உங்க பிள்ளைக்கும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் அடுத்த வாரம் அங்கிருந்தே திரும்பி வரும்.

வாசற்படியில் பேன் பார்க்கும் அம்மாவின் கண்ணுக்கும் நகத்துக்கும் குறையில்லை. இனி மருந்து போட்ட அன்றே, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒன்பது தாள் தள்ளி, பேனாவால் ஒரு சுழி போட்டு வைத்தால் சரி.