துடிப்பு எண்ணிக்கையும் செயல்வேகமும்: 6502, இசட்80 நுண்செயலிகள் – ஓர் ஒப்பீடு

திறவுச்சொற்கள்: நுண்செயலி, கடிகாரத் துடிப்பு, பதிவகம், நினைவகம், பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம்

முன்னுரை

இந்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து 1984-85ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிளாஸ்' எனும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில், ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி வழங்கப்பட்டது. 1986இல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்ட 'டிபி ஸ்பெக்ட்ரம்+' இந்திய இல்லங்களுக்குள் நுழைந்தது. முன்னதில் 2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 6502 நுண்செயலியும், பின்னதில் 3.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இசட்80ஏ நுண்செயலியும் இடம்பெற்றிருந்தன. எண்ணை மட்டும் நோக்குவோர் வீட்டுக் கணினியே பள்ளிக் கணினியை விட விரைவானது என முடிவுசெய்வர். இம்முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

துடிப்பின் பொருள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகின் எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டு அதன் வேகத்தைக் கூறிவிட இயலாது. ஒரு சுழற்சிக்குப் படகு எவ்வளவு தொலைவு நகர்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். நுண்செயலிக்கும் இது பொருந்தும். 6502 ஒவ்வொரு துடிப்பிலும் நினைவகத்தை ஒருமுறை அணுகுகிறது. இசட்80 ஓர் ஆணையை எடுப்பதற்கு 4 துடிப்புகளும், தரவை வாசிப்பதற்கு 3 துடிப்புகளும் கொள்கிறது.

ஆகவே, ஆணையுடனேயே தரப்படும் ஓர் எண்ணைத் திரளகத்தில் ஏற்றுவதற்கு 6502க்கு 2 துடிப்புகள் போதும். காலம் 1 மைக்ரோநொடி. இசட்80க்கு 7 துடிப்புகள் தேவை. காலம் 2 மைக்ரோநொடி. துடிப்பு எண்ணிக்கையில் முந்திநிற்கும் செயலி இங்கு இருமடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது.

பதிவகங்களின் பங்கு

எனினும் இந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு தீர்ப்பு வழங்குவது பிழையாகும். 6502இல் திரளகமும் இரு சுட்டுப் பதிவகங்களுமே உள்ளன. நினைவகத்தின் முதல் 256 பைட்டுகளான 'சுழியப் பக்கம்' பதிவகம் போலவே பயன்படுத்தப்படுகிறது. இசட்80இல் எட்டு பிட் பதிவகங்கள் பல உள்ளன; அவற்றை இரண்டிரண்டாக இணைத்துப் பதினாறு பிட் எண்களைக் கையாளலாம்.

இரு பதினாறு பிட் எண்களைக் கூட்டுவதாகக் கொள்வோம். எண்கள் ஏற்கெனவே பதிவகங்களில் இருப்பின் இசட்80 ஒரே ஆணையில், 11 துடிப்புகளில், ஏறத்தாழ 3.1 மைக்ரோநொடியில் முடித்துவிடுகிறது. 6502 சுழியப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுத்துக் கூட்டிச் சேமிக்க 20 துடிப்புகள், அதாவது 10 மைக்ரோநொடி, ஆகின்றன. அதே எண்கள் நினைவகத்தில் இருந்து, விடையும் நினைவகத்துக்கே திரும்ப வேண்டுமெனின் இசட்80க்கு 63 துடிப்புகள், 18 மைக்ரோநொடி, தேவைப்படும். தரவு எங்கிருக்கிறது என்பதைப் பொறுத்து வெற்றி கைமாறுவது நோக்கத்தக்கது. இதனைக் குறிப்பிடாத ஒப்பீடுகள் பயனற்றவை எனலாம்.

தொகுதியாகத் தரவை நகலெடுக்கையில் போட்டி நெருக்கமானது. இசட்80இன் தனி ஆணை பைட்டுக்கு 21 துடிப்புகளில், 6 மைக்ரோநொடியில், நகலெடுக்கிறது. 6502இன் எளிய சுழல்நிரல் 14 துடிப்புகளில், 7 மைக்ரோநொடியில், அதனைச் செய்கிறது. ஆனால் ஒரு சுழலில் 256 பைட்டுகளைத் தாண்ட அதனால் இயலாது.

நினைவகமும் விலையும்

2 மெகாஹெர்ட்ஸ் 6502 ஒரு துடிப்பின் பாதியளவான 250 நானோநொடிக்குள் நினைவகத்தின் மறுமொழியை எதிர்பார்க்கிறது. பிபிசி மைக்ரோவில் எஞ்சிய பாதியைத் திரைச் சுற்று பயன்படுத்திக்கொள்வதால், படம் வரைவதற்காகச் செயலி காத்திருப்பதில்லை. இதற்கு 4 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் விரைவான நினைவகம் வேண்டியிருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் நிலைமை வேறு. அங்குத் திரைத் தரவு அமைந்த 16 கிலோபைட் நினைவகத்தைத் திரைச் சுற்று வாசிக்கும்போது செயலி நிறுத்திவைக்கப்படுகிறது. மேற்கண்ட இசட்80 கணக்குகள் இத்தடையில்லாத பகுதிக்கே பொருந்தும். 1982இல் பிரித்தானியாவில் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் 175 பவுண்டுக்கும், பிபிசி மைக்ரோவின் பி வகை 399 பவுண்டுக்கும் விற்கப்பட்டன. வேகத்திற்கு ஈடான விலை செயலியில் அன்று, அதனைச் சூழ்ந்த பாகங்களில் செலுத்தப்பட்டது. 6502 தானே 1975இல் 25 டாலருக்கு அறிமுகமான மலிவான சில்லு.

பேசிக் மொழியின் தாக்கம்

மாணவர் நேரடியாக உணர்ந்த வேகம் பேசிக் மொழிபெயர்ப்பியின் வேகமே. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக், முழு எண் மாறிகளைத் தனியே கையாண்டது. சுழியப் பக்கத்தையும் திறம்படப் பயன்படுத்தியது. சின்கிளேர் பேசிக்கில் அத்தகைய தனி மாறிவகை இல்லை. எண் மாறி ஒவ்வொன்றும் ஐந்து பைட் இடம் பெற்றது. ஆதலின் ஒரே சுழல்நிரலை இரு கணினிகளிலும் இயக்கிப் பார்த்த ஆசிரியர் ஒருவர் கண்டிருக்கக்கூடிய பெருத்த வேறுபாட்டை முழுவதும் சில்லுகளின் கணக்கில் எழுதுதல் தகாது. அதே ஸ்பெக்ட்ரத்தில் பொறிமொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகள் பேசிக் நிரல்களை விடப் பன்மடங்கு விரைவாக இயங்கின.