இல்லத்துத் திரையரங்கும் அதற்கேற்ற கணினியும்

படம் பார்ப்பதென்றால் நகரத்துக்குப் பயணம் போவதென்று பொருள்பட்ட காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. வின்சர், ராணி, றீகல், மனோகரா என்னும் திரையரங்குகளின் பெயர்கள் முதியோர் நாவில் இன்றும் உலவுகின்றன. 1979 ஏப்பிரிலில் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. கூடவே வீடுகளுக்குள் 'டெக்' எனப்பட்ட வீடியோப் பெட்டியும் வந்து சேர்ந்தது. 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் குடாநாடு மின்சாரமின்றி இருளில் கிடந்தபோதும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜெனரேற்றர் கிடைத்த இடங்களில் அயலார் ஒரு முற்றத்தில் கூடிப் படமும் பார்த்தனர். கேட்கவும் காணவும் மனிதன் கொள்ளும் ஆவல் அத்துணை வலியது.

இன்று அந்த ஆவலை நிறைவேற்றப் பிறர் முற்றத்தை நாடவேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு கணினியை இணைத்து, வீட்டுக் கூடத்தையே சிறு திரையரங்காக்கிவிடலாம். ஆயின், அதற்கு எந்த எந்த உறுப்புகளை வாங்குவது என்னும் இடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணம் கையில் இருக்கும். கடையிலோ மின்னும் பெட்டிகள் வரிசையாக நிற்கும். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணி வாங்கிவிடுகிறோம். வட்டுக்கோட்டையிலே 1823 இல் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் பயின்ற ஊர் நம்முடையது. ஒரு கருவியைக் கொள்ளுமுன் அதன் இயல்பை ஆராய்வது நமக்குப் புதிய பழக்கமன்று.

ஆதலால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். எதைக் காணப்போகிறோம்? எங்கே இருந்து காணப்போகிறோம்? எதைக் காத்து வைக்கப்போகிறோம்?

கணினி வேண்டுமா?

சந்தா கட்டி இணையத்தில் வரும் படங்களை மட்டுமே பார்ப்பதானால், உண்மையில் கணினியே வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் செருகும் சிறு கருவியொன்று போதும். சந்தா நிறுவனங்கள் சில, கணினி வழியாகப் பார்ப்போருக்குப் படத்தின் முழுத் தெளிவையும் தருவதுமில்லை. வீட்டிலே சேர்ந்து கிடக்கும் படங்கள், பாட்டுகள், குடும்ப வீடியோக்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் திரட்டி வைத்து, வேண்டியபோது காணவேண்டும் என்போருக்கே கணினி பயன்படும். அத்துடன் பிள்ளைகள் பாடம் படிப்பதற்கும் அது உதவும்.

வேகம் எவ்வளவு?

திரைப்படம் கணினியில் அப்படியே சேமிக்கப்படுவதில்லை, சுருக்கி எழுதப்படுகிறது. தேர்த் திருவிழாவைப் படம் பிடித்ததாகக் கொள்வோம். கோபுரம் அசைவதில்லை, தேரும் மக்களும்தான் அசைகின்றனர். ஆகவே கோபுரத்தை ஒருமுறை எழுதிவிட்டு, அசைவனவற்றின் மாற்றத்தை மாத்திரம் தொடர்ந்து எழுதினால் இடம் மிகவும் மிச்சப்படும். இவ்வாறு சுருக்குவதற்கான விதிகளுள் எச்.264 என்பது 2003 இலும், எச்.265 என்பது 2013 இலும், ஏவி1 என்பது 2018 இலும் வெளிவந்தன.

சுருக்கியதை விரித்துக் காட்டும் வேலைக்கெனத் தனியான ஒரு பகுதி இக்காலக் கணினிகளின் செயலிச் சில்லிலேயே அமைந்துள்ளது. அது இருந்தால் வேலை ஓசையின்றி நடைபெறும். இல்லையேல் செயலி முழுவதும் வருந்தி உழைத்துச் சூடேறும். இன்ரெல் செயலிகளில் ஏழாம் தலைமுறை முதற்கொண்டு எச்.265 படங்களை எளிதில் விரிக்கலாம். 2020 இல் வந்த பதினோராம் தலைமுறை முதற்கொண்டு ஏவி1 படங்களையும் விரிக்கலாம். ஆகவே அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்த சிறிய கணினிகூட, தலைமுறை பார்த்து வாங்கினால், படம் பார்க்கப் போதுமானது. நினைவகம் 8 கிகாபைற்று இருந்தால் நிறைவு. கணினி விளையாட்டுக்கென விற்கும் பெரிய கிராபிக்ஸ் அட்டையை இதற்காக வாங்குவது, ஈயை அடிக்க உலக்கையைத் தூக்குவது போலாகும்.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தையும் பார்த்துக்கொள்க. தொலைக்காட்சிக்கு ஒளியையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டு செல்லும் எச்.டி.எம்.ஐ. துளை அங்கே வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அத்துளை 4கே படத்தைச் செக்கனுக்கு 30 சட்டங்களுக்கு மேல் அனுப்பமாட்டாது. ஆயினும் திரைப்படங்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 24 சட்டங்களே ஆதலால், அதனால் பெரிய குறைவு ஏற்படாது.

சூடும் மின்சாரமும்

உருக்கமான காட்சியில் கதாநாயகி மெல்லப் பேசும்போது, பெட்டிக்குள்ளிருந்து மின்விசிறி இரைந்தால் திரையரங்கு ஏது? நமது வெப்ப நாட்டில் இது சிறு விடயமன்று. சிறிய விசிறி வேகமாகச் சுழன்று இரையும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று அதே அளவு காற்றைத் தரும். பெட்டியைச் சுவரலுமாரிக்குள் அடைத்து வைக்கலாகாது. செம்மண் புழுதியும் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றும் உள்ளே படிவதால், சில மாதங்களுக்கொருமுறை மின்னிணைப்பை நீக்கித் துடைத்தல் நன்று.

மின்சாரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய அட்டை பூட்டிய கணினி 200 வாற்று கொள்கிறதென வைத்துக்கொண்டால், நாளுக்கு நான்கு மணி வீதம் முப்பது நாளில் 24 அலகு செலவாகும். 25 வாற்றுச் சிறு கணினிக்கு அதே காலத்தில் 3 அலகு மாத்திரமே ஆகும். மின்வெட்டு நேரத்தில் யூ.பி.எஸ். என்னும் சேமகலப் பெட்டியும் சிறு கணினியையே நெடுநேரம் தாங்கும். 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரமின்றி இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதுமே மின்சாரத்தை இழந்தது! எழுதிக்கொண்டிருக்கும் வன்தட்டு திடீரென மின்னை இழந்தால், பதிவுகள் பழுதாகலாம். ஆகவே யூ.பி.எஸ். அத்தியாவசியமானதொன்று. இடிமின்னல் வேளையிலோ, செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைப்பதே காப்பு.

கண்ணும் காதும்

திரை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நமது கண். சாதாரணக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கிலும் நுணுகியதைப் பிரித்தறியாது. இதை வைத்துக் கணக்கிட்டால், 43 அங்குலத் திரையை ஐந்தரை அடிக்கு அப்பாலும், 55 அங்குலத் திரையை ஏறத்தாழ ஏழு அடிக்கு அப்பாலும் இருந்து பார்ப்போருக்கு, 4கே தெளிவுக்கும் அதற்கு முந்திய 1080 வரித் தெளிவுக்கும் வேற்றுமை தோன்றாது. நமது கூடங்களில் பத்தடி தள்ளி நாற்காலி போடுவது வழக்கம். கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கத்துக்குப் பணத்தைக் கொட்டுவானேன்?

மிஞ்சும் பணத்தைக் காதுக்குச் செலவிடுங்கள். மெல்லிய தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை. பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. சிறிய கூடத்துக்கு ஆறு பெட்டிகள் தேவையில்லை. நல்ல இரண்டு போதும். ஆனால் 5.1 என்னும் ஒலியமைப்பில் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே எழுதப்பட்டிருக்கும். இரண்டு பெட்டி மாத்திரம் உள்ளவர்கள், நடுவொலியை இரண்டிலும் கலந்து தரும்படி கணினியில் ஒழுங்கு செய்யவேண்டும். செய்யாவிடின் பின்னணி இசை முழங்கும், பேச்சு அமுங்கும். காது மந்தமான பாட்டி படத்தின் பாதியில் எழுந்து போய்விடுவார். சீமெந்து நிலமும் வெறுஞ் சுவரும் ஒலியைத் திருப்பி எறியும். தடித்த திரைச்சீலையும், பருத்தி விரிப்பும், புத்தக அலுமாரியும் அதைத் தணிக்கும்.

காத்து வைக்கும் பொருள்

எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது வினா. பலரும் செயலிக்கு முதலிடமும் வன்தட்டுக்குக் கடைசி இடமும் கொடுக்கின்றனர். அவ்வரிசையை மாற்றவேண்டும். பழுதான செயலிக்கு வேறொன்று வாங்கலாம்; அழிந்த பதிவுக்கு வேறொன்று வாங்கமுடியாது.

இங்குள்ள வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் பழைய வீடியோ நாடாக்கள் கிடக்கின்றன. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, இன்று நம்மிடையே இல்லாதவர்களின் முகம், குரல் எல்லாம் அவற்றுள் உறைந்திருக்கின்றன. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு மக்கள் ஒரேநாளில் பெயர்ந்தபோது கைவிடப்பட்டவை எத்தனையோ! 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததையும் கண்ட சமூகம் நாம். எஞ்சியிருப்பதையாவது காப்பது கடமையன்றோ? 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நமது ஏடுகளுக்கும் இதழ்களுக்கும் செய்துவரும் பணியை, ஒவ்வொரு குடும்பமும் தன் நாடாக்களுக்குச் செய்யலாம்.

தாமதிக்க நேரமில்லை. காந்தத் துகளை நாடாவோடு பிணைத்திருக்கும் பசை, ஈரக்காற்றில் நாளடைவில் சிதைகிறது. நாடாவை ஓட்டும் 'டெக்'கோ அருமையாகிவிட்டது. அதைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 இல் தயாரிப்பை நிறுத்தியது. நல்ல நிலையிலுள்ள 'டெக்' ஒன்றைத் தேடி, அதன் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை யூ.எஸ்.பி. பதிவுக் கருவியொன்றின் வழியாகக் கணினியில் இணைத்தால், நாடா ஓடும் நேரத்திலேயே பதிவாகிவிடும். பூஞ்சணம் பிடித்த நாடாவை மாத்திரம் அப்படியே ஓட்டலாகாது. நாடாவும் கெடும், 'டெக்'கின் தலையும் அடைபடும். அதிகம் சுருக்காத டி.வி. என்னும் வகையில் பதிந்தால் ஒரு மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைற்று கொள்ளும். ஒரு ரெறாபைற்றுத் தட்டில் எழுபத்தைந்து மணி நேரம் அடங்கும்.

ஆகையால் கணினி இயங்குவதற்கு ஒரு சிறு எஸ்.எஸ்.டி. தட்டு, காத்து வைப்பதற்கு இரண்டு பெரிய வன்தட்டுகள் என்று வாங்குக. இரண்டிலும் ஒரே பதிவு இருக்கட்டும். ஒன்று வீட்டில், மற்றையது வேறூரில் உள்ள உறவினர் வீட்டில். பாடசாலை விடுமுறையில் மாணவர்கள் இவ்வேலையைப் பொறுப்பேற்று, நாடா ஒவ்வொன்றிலும் உள்ளவர் யார் யார் என்று மூத்தோரைக் கேட்டு எழுதி வைப்பார்களாக. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அது நடைபெறவேண்டும்.