கருப்பு வந்த இரவுகள்

விடிகாலையில் கம்பம்மெட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறி வரும். 1990களின் பிற்பகுதியில், வாரத்தில் ஒருநாள் மட்டும் அந்த ஜீப்புகளில் கூலிப் பேச்சோ கல்யாணப் பேச்சோ இருக்காது. "நேத்து கருப்பு வந்துச்சா? யாரை அடிச்சுச்சு?" என்பதுதான் பேச்சு!

சன் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு' தொடரைத்தான் சொல்கிறேன். மதுரை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலிலிருந்து பிறந்தது அது. நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்த 'மர்மதேசம்' வரிசையில் வந்தது. எங்கள் லயத்தில் கங்காணி வீட்டில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி. வாசல்வரை கூட்டம் உட்கார்ந்திருக்கும். முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடத் துணை கேட்பார்கள், மீசை வைத்த ஆண்பிள்ளைகள் உட்பட!

கதை நடக்கும் ஊர் தோட்டக்காரமங்கலம். அங்கே தப்புச் செய்கிறவனை இரவில் குதிரையேறி வந்து கருப்புசாமி தண்டிக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. நாயகியாகத் தேவதர்ஷினி, ராஜேந்திரனாகச் சேத்தன். நடப்புக் கதை ஒருபுறமும், ராஜேந்திரனின் சின்ன வயதுக் கதை மறுபுறமும் மாறி மாறி ஓடும்.

அந்த இருவருக்கும் இடையே அன்பு வளரும் விதத்தை இன்றைய பிள்ளைகள் பார்க்க வேண்டும். மரத்தைச் சுற்றிப் பாட்டு கிடையாது. பயத்தில் ஒருவருக்கொருவர் துணையாக நின்று, சந்தேகப்பட்டு, விலகி, மறுபடி தேடிப் போய், வாரக்கணக்கில் மெதுவாக வளரும் அன்பு. மர்மக் கதையில் காதல் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் எண்ணம். யாரை நம்புவது என்று தெரியாத ஊரில் ஒருவரை நம்பத் துணிவது லேசான காரியமா? அந்த நடிகர்கள் இருவரும் பின்னாளில் நிஜமாகவே தம்பதியானார்கள். லயத்துப் பெண்களுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

முடிவைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது, பார்க்காதவர்கள் மன்னிக்கவும். கருப்பு வேறு யாருமல்ல, ராஜேந்திரனேதான். சின்ன வயதுக் காயங்கள் அவன் மனத்தைப் பிளந்து, அவனுக்குள்ளேயே இன்னொருவனை உண்டாக்கியிருந்தன. கோடாங்கியால் அல்ல, மருத்துவத்தால் தீர வேண்டிய விவகாரம்.

தமிழில் இந்தக் கேள்வி அதற்கு முன்பும் உண்டு. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷையும் வசந்த்தையும் மோதவிட்டுக் குமுதத்தில் சுஜாதா எழுதிய 'கொலையுதிர் காலம்' அப்படிப்பட்ட தொடர்தான். மலையாளத்தில் 1993-ல் ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்' வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழும் நமக்கு அதில் ஒரு தனி வேடிக்கை: கேரளத்துத் தறவாட்டில் உலவும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறவள்! மலையாளி நண்பர்கள் அப்போது என்னைப் பார்த்து, "உங்க ஊருப் பேய்தானே?" என்று கேலி செய்வார்கள். அங்கும் முடிவில் தெரிவது மனநோய்தான்.

இந்தக் கதைகளைப் 'பேய்க் கதை' என்று ஒதுக்கிய பெரியவர்கள் நம்மிடையே நிறைய. நானும் ஒதுக்கியவன்தான். என் எண்ணத்தை மாற்றியது லயத்தில் நடந்த ஒரு சம்பவம்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண். பதினாறு வயது. தகப்பன் இறந்த மூன்றாம் மாதம் ராத்திரியில் எழுந்து வேறு குரலில் பேச ஆரம்பித்தாள். "கருப்பு பிடிச்சிருக்குன்னு கோடாங்கி சொல்றாரு தம்பி" என்று அவள் தாய் அழுதார். உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். கடன் வாங்கிக் கோழி அறுத்தார்கள். பிள்ளை துரும்பாக இளைத்ததுதான் மிச்சம்.

தொடரின் முடிவு வந்த மறுநாள், அவளுடைய மாமன் மகன், இருபது வயதுப் பையன், என்னிடம் வந்தான். "அண்ணே, டிவியில காட்டுன மாதிரி இதுக்கு டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்டான். படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

மலையிறங்கி ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தகப்பனை இழந்த துக்கம் உள்ளேயே தங்கி இப்படி வெளிப்படுகிறது என்றார் மருத்துவர். மருந்தும் பேச்சுமாக ஒரு வருஷம் பிடித்தது. மாதாமாதம் அவளையும் அத்தையையும் பஸ்ஸில் கூட்டிப்போனது அந்தப் பையன்தான். வழியில் அவளிடம் அதிகம் பேசமாட்டானாம். திரும்பும்போது கம்பத்தில் இறங்கி ஒரு மர்ம நாவல் வாங்கிக் கொடுப்பானாம்! மலையாளப் பள்ளியில் படித்த அவள் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கப் பழகியது அந்தப் புத்தகங்களில்தான். ஆறு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் பரிமாறினேன்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். சித்தர், ஜாதகம் என்று போகும் அவருடைய சில கதைகளில் நம்பிக்கை கேள்வியை விழுங்கிவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் அவர் மறைந்த செய்தியைக் கேட்ட அன்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது. போனேன். அவளுடைய மகள் பத்தாம் வகுப்பு, அதுவும் மலையாள வழி. யூடியூப்பில் பழைய 'விடாது கருப்பு' பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பு யாருன்னு தெரியுமா?" என்று வாயெடுத்தேன்.

"மாமா, சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே, "இது புஸ்தகமா இருக்காமே, கிடைக்குமா?" என்றாள். தமிழ் அவளுக்கு இன்னும் சரளமாகப் படிக்க வராது. அடுப்படியிலிருந்து தாய் குரல் கொடுத்தாள்: "நீங்க வாங்கிட்டு வாங்கண்ணே, ராத்திரி நான் வாசிச்சுக் காட்டுறேன்."