கதை சொன்னவரே கொலையாளி

1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ என்னும் நாவல் வெளியானபோது, அதுகாறும் நமக்குக் கதை சொல்லிவந்த சாதுவான கிராமத்து டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி என்று கடைசியில் அறிந்த வாசகர்களில் ஒரு சாரார் அதை அபாரமான சாமர்த்தியம் என்று சிலாகித்தார்கள். மற்றொரு சாராரோ, வாசகனை வஞ்சிக்கும் காரியம் என்று கோபித்துக்கொண்டார்கள்.

நிதானித்துப் பார்த்தால் தடயம் கண்முன்னேயே இருக்கிறது. அக்ராய்டுக்கு ஒரு கடிதம் எட்டு நாற்பதுக்கு வந்ததையும், எட்டு ஐம்பதுக்குத் தாம் அக்ராய்டை விட்டுப் புறப்பட்டதையும் டாக்டர் தம் வாயாலேயே சொல்லிவிடுகிறார். இடைப்பட்ட பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று கேட்க நமக்குத்தான் தோன்றுவதில்லை. எல்லோரையும் சந்தேகிப்பது வாசகனின் கடமை என்று சக எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் வாதாடியதும் இந்த நியாயத்தை ஒட்டியதே.

வீட்டைவிட்டு நகராமலே ஊர் விஷயம் அனைத்தையும் கிரகித்துவிடும் டாக்டரின் சகோதரி கரோலின்மீது கிறிஸ்டிக்கே தனிப் பிரியம். பிற்பாடு தோன்றிய தம் துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிளுக்கு அவளே முன்னோடியாக இருக்கலாம் என்றுகூட அவர் கருதினார். அந்தக் கரோலின்மீதே கொலைப்பழியைத் திருப்பி, 1998இல் பியேர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் ஒரு புத்தகமே எழுதினார். ஆசிரியை அளித்த தீர்ப்பின்மீது வாசகர்கள் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பீல் செய்கிறார்கள் என்றால், ஒரு துப்பறியும் நாவலுக்கு வேறு என்ன கௌரவம் வேண்டும்?