3,600 பேர் எங்கே? இடுப்பு மூட்டு விவகாரம் உணர்த்தும் பாடம்

புது தில்லி: குறைபாடுள்ளதென உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்திக்கொண்ட இந்திய நோயாளிகளில், ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டறிய இயலவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு 2018 பிப்ரவரியில் அளித்த அறிக்கை தெரிவித்த தகவல் இது. இழப்பீடு பற்றிய விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்ட இந்த எண்ணிக்கைதான், அந்த விவகாரத்தின் மிகப் பெரிய கேள்வி.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீபை நிறுவனத்தின் தயாரிப்பு ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு. உலோகக் கிண்ணத்துக்குள் உலோகப் பந்து சுழலும் வகையில் அமைந்தது. உராய்வின்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள தசையைச் சிதைத்தன, ரத்தத்திலும் கலந்தன.

வலி தீரும் என்று நம்பி அறுவை மேஜையில் படுத்தவர்களுக்கு, சில ஆண்டுகளில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. பலர் மீண்டும் ஓர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தது. எலும்பில் பதிந்துவிட்ட மூட்டை அகற்றி வேறொன்றைப் பொருத்துவது முதல் அறுவை சிகிச்சையைவிடச் சிக்கலானது. தேறுவதற்கும் கூடுதல் காலமாகும்.

காட்டிக்கொடுத்த பதிவேடு: இந்தக் குறைபாடு வெளிப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளின் விவரங்கள் 2003 முதல் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்படுகின்றன. ஏஎஸ்ஆர் பொருத்தப்பட்டோரில் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதை அந்தப் பதிவேடு காட்டிற்று. ஆஸ்திரேலியப் பதிவேட்டிலும் எச்சரிக்கை தென்பட, அங்கு 2009 இறுதியிலேயே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டுவிட்டது.

இந்தியாவில் இறக்குமதி உரிமம் 2006-இல் வழங்கப்பட்டது. திரும்பப் பெறப்படும் வரை சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்தன. உதவி மையத்தின் வழியாகத் தொடர்புக்கு வந்தவர்கள் 1,080 பேர் மட்டுமே என்று நிபுணர் குழு கூறியது. எஞ்சியோர் யார், எந்த ஊரினர், எந்த நிலையில் உள்ளனர் என்பதற்கு விடையில்லை. தமது உடலில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்பதையே அறியாமல், வலிக்கு மூப்பின் மேல் பழிபோட்டுக் காலம் தள்ளியவர்களும் அவர்களில் இருந்திருக்கக் கூடும்.

இழப்பீட்டில் இழுபறி: அமெரிக்காவில் சுமார் 8,000 பேர் தொடர்பான வழக்குகளை ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ள 2013-இல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவிலோ, குறைந்தது ரூ.20 லட்சம் வழங்கப்பட வேண்டும் என்ற பரிந்துரையே 2018-இல்தான் வந்தது. பின்னர் மற்றொரு குழு, வயதையும் ஊனத்தின் அளவையும் கணக்கிட்டு, ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை இழப்பீடு வகுத்தது. அதனை எதிர்த்து நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா ரூ.25 லட்சம் வழங்க 2019-இல் முன்வந்தது. 4,700 எங்கே, 67 எங்கே? இருக்குமிடம் தெரியாதவருக்கு எந்தச் சூத்திரமும் பயன் தராது.

சிகிச்சையின் மீது குறையில்லை: ஒரு வகை மூட்டின் குறைபாட்டைக் கொண்டு மூட்டு மாற்று சிகிச்சையையே சந்தேகிப்பது சரியன்று. பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரிலும் 2001 ஜூனிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இரு முழங்கால்களிலும் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டபோது, இச்சிகிச்சை நாடெங்கும் பேசப்பட்டது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ரூ.1.58 லட்சமாக இருந்த கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டின் விலை, வரி நீங்கலாக ரூ.54,720 ஆனது. நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து சிகிச்சைக்கு முன்வர அது வழிசெய்தது.

எனினும், மூட்டின் விலையோடு நோயாளியின் பாடு முடிவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். முழங்கால் மடங்குவதற்கான பயிற்சி வாரக்கணக்கில் தொடரும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாக வேண்டிய பயிற்சி அது. இடுப்பு மூட்டு மாற்றியவர் தாழ்வான இருக்கையில் அமரக் கூடாது. கால்மேல் கால் போடலாகாது. தரையில் அமர்ந்து உண்பதும், குந்தி அமரும் கழிப்பறையும் பழகிய வீட்டில், இதற்கென வீட்டையே மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது.

தீவுவாசிகளின் நிலை: அந்தமான் தலைநகரில் உள்ள டாலிகஞ்ச் போன்ற பகுதியில் வசிப்பவரை எண்ணிப் பார்த்தால் பதிவேட்டின் தேவை இன்னும் தெளிவாகும். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-இல் ஸ்ரீவிஜயபுரம் என மாறியபோதும், சென்னைக்கு உள்ள சுமார் 1,360 கிலோமீட்டர் தூரம் குறைந்துவிடவில்லை. உயர் சிகிச்சைக்காகச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ வரும் தீவுவாசிகள் பலர். விமானத்தில் இரண்டு மணி நேரம். கட்டணம் கட்டுப்படியாகாதவருக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் நெடுநேரம் கால் அசையாமல் பயணம் செய்தால் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

அப்படி ஊர் திரும்பியவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வலி ஏற்பட்டால், உள்ளூர் ஜி.பி. பந்த் மருத்துவமனையின் மருத்துவர் முதலில் அறிய வேண்டியது, உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை மூட்டு என்பதையே. நோயாளியின் கையில் உள்ள கோப்பு தொலைந்தால் அந்த விவரமும் தொலைந்தது. ஒவ்வொரு செயற்கை மூட்டுடனும் தயாரிப்பு எண் கொண்ட ஒட்டுச்சீட்டு வருகிறது. அதன் பிரதியை மருத்துவமனையிடம் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவது நோயாளிக்குக் காப்பாகும்.

பரிந்துரையும் பொறுப்பும்: அபாயம் மிகுந்த மருத்துவச் சாதனங்களின் பயன்பாட்டைக் கண்காணிக்கச் சுதந்திரமான பதிவேடு அமைக்கப்பட வேண்டும் என்பது 2018 அறிக்கையின் முக்கியப் பரிந்துரை. மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2015-இல் காஜியாபாதிலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தை மையமாகக் கொண்டு தொடங்கியது. ஆனால், பாதிப்பு நேர்ந்தபின் புகார் பெறுவது வேறு. பொருத்தும் நாளிலேயே ஒவ்வொரு மூட்டையும் பதிந்து வைப்பது வேறு. முன்னது, புகார் சொல்ல வழி தெரிந்தவருக்கே உதவும். பின்னது, ஆபத்தை அறியாதவரையும் தேடிச் சென்று எச்சரிக்கும்.

விலைக்கு வரம்பு விதித்து ஏழைக்கும் எட்டும்படி செய்த அரசுக்கு, பொருத்தப்பட்ட மூட்டின் கணக்கை வைத்திருக்கும் கடமையும் உண்டு. நாடாளுமன்றத்தில் மருந்து, மருத்துவச் சாதனங்கள் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், 3,600 என்ற அந்த எண்ணை உறுப்பினர்கள் மறவாது நினைவூட்ட வேண்டும்.